கிணற்றடிப் பாறை

2000ஆம் ஆண்டு, இலையுதிர் காலம். அப்போது நான் நோர்வேயில், மோர்டென்ஸ்ருட் என்ற இடத்தில் ஓர் அறையில் தங்கி, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படித்துக்கொண்டிருந்தேன். கல்லையும் மண்ணையும் பற்றிய படிப்பு.

ஒருநாள் ஆசிரியை, மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிய ஓவியம் ஒன்றைத் திரையில் காட்டினார். முன்னால் ஒரு தாயும் குழந்தையும். "முகத்தை மனதிலிருந்தும் வரையலாம். பின்னாலுள்ள பாறையின் அடுக்குகளை நேரில் பார்த்தவர்தான் இப்படி வரைய முடியும்" என்றார். பாறையை வைத்தே ஓவியர் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கலாமாம். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அந்த வாரமே யாழ்ப்பாணத்திலிருந்த தம்பியின் கடிதம் வந்தது. கொழும்புக்கு வந்த யாரோ தபாலில் சேர்த்திருந்தார்கள். கடிதத்தில் ஏதாவது படம் வரைவது அவன் வழக்கம். இந்த முறை அம்மா கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறார். கீழே, 'வீட்டில் எல்லோரும் சுகம்.' ஆனால் கிணற்றுக்குப் பின்னால் யானை படுத்திருப்பது போல ஓர் உருண்டைப் பாறை! எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான். இது வவுனியாப் பக்கத்துப் பாறை. போரில் வீட்டைவிட்டு இடம்பெயர்ந்ததை மறைக்கிறான் என்று புரிந்தது. கவலைதான். ஆனால் உண்மையைச் சொன்னால், கண்டுபிடித்துவிட்ட பெருமைதான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சில நாள் கழித்துத் தம்பி தொலைபேசியில் பேசினான்.

"டேய் கள்ளா, பிடிச்சிட்டன்! அது எங்கடை கிணறில்லை. வவுனியாவிலைதானே நிக்கிறியள்?"

"ஓம் அண்ணை, முகாமிலை. எப்பிடி அறிஞ்சனீங்கள்?"

விடுவேனா? வகுப்பில் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் விளக்கினேன். அவன் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "சரி, அம்மாட்டைக் குடு" என்றேன்.



"கல்லைப் பாத்துத்தான் கீறினனான் அண்ணை. அம்மாவை நினைச்சுக் கீறினனான்."

இடம்பெயர்ந்து வரும் வழியில் காய்ச்சலில் அம்மா இறந்துவிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்திருந்தது. எனக்குப் பரீட்சை முடியட்டும் என்று மறைத்திருக்கிறார்கள். நான் வாய்விட்டு அழுதேன். அவன்தான் என்னைத் தேற்றினான்.

கல்லைப் பார்த்து இடம் சொல்வதே பிறகு என் தொழிலாகிவிட்டது. ஆனாலும், தாயை இழந்த பிள்ளைக்கு அவ்வளவு நேரம் பாறையைப் பற்றிப் பாடம் எடுத்தேனே என்று நினைத்தால், அன்று நான் சரியாகக் கண்டுபிடித்ததே இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.