காக்கா காய்ச்சிய மருந்து

சாப்பாட்டுக் கடைக்காரனின் தம்பி பட்டினியால் சாகக் கிடந்தான் என்றால் யாராவது நம்புவார்களா? நான் கிடந்தேன். மலாயாவில் சிகாமட் ஸ்டேஷனுக்கு எதிரே எங்கள் காக்காவின் கடை இருந்தது. எங்கள் சொந்த ஊர்க் கடற்கரைப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ரயிலை விட்டு இறங்குகிறவனின் மூக்கு முதலில் கடைக்குள் வரும், ஆள் பிறகு வருவான். ஈரல், குடல், மூளை, வால் என்று மாட்டில் எதையும் வீணாக்காமல் ஆணம் வைப்பார் காக்கா. மற்றவர்கள் குழம்பு என்பதை நாங்கள் ஆணம் என்போம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கடையில் பரிமாறுவது என் வேலை. திடீரென்று ஒரு தாகம் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு தாகத்தை எதிரிக்குக்கூட அல்லாஹ் கொடுக்கக் கூடாது. குடத்தைக் கவிழ்த்துக் குடிப்பேன். குடித்த கையோடு கொல்லைக்கு ஓடுவேன். மூன்று ஆள் சோற்றைத் தின்பேன், கைலி மட்டும் இடுப்பில் நிற்காது. "தின்னுறதெல்லாம் எங்கடா போகுது? வயித்துல ஓட்டையா?" என்று காக்கா கத்துவார். அவர் கத்தினால் நானும் கத்துவேன். எங்கள் வீட்டில் யாருக்கும் நாக்கு உள்ளே அடங்கி இருந்ததில்லை.

கடைக்கு விறகு போடும் மலாய்க்காரர் ஒருநாள் கொல்லைப் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். நான் போய்வந்த இடத்தில் எறும்பு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. "அலமாக்! கெஞ்சிங் மானிஸ்!" என்றார். இனிப்புச் சிறுநீர் என்று அர்த்தம். சர்க்கரை வியாதிக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் அதுதான். காக்கா கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

அங்கே டாக்டருக்கு உதவியாளரான டிரஸ்ஸர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிற மருந்தை ஊற்றி, என் சிறுநீரை அதில் சில சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. கடைசியில் செங்கல் பொடியைக் கரைத்தது போல ஆனது. நிறம் மாற மாறச் சர்க்கரை அதிகம் என்று அர்த்தமாம்.  எனக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாதபோது, ஒரு குழாய் அதைப் படித்துச் சொல்லிவிட்டதே! வெள்ளைக்கார டாக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு காக்காவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று காக்கா என்னிடம் மூச்சுவிடவில்லை.

மருந்து என்று அப்போது ஒன்றும் கிடையாது. பட்டினிதான் வைத்தியம். சோறு, ரொட்டி, பால் எதுவும் ஆகாது. அவித்த கீரை, ஒரு துண்டு இறைச்சி, அவ்வளவுதான். யானைப் பசிக்குச் சோளப்பொரி! ஊருக்கே நெய்ச்சோறு போடுகிற கையால் என் தட்டில் கீரையை வைக்கும்போது காக்கா என் முகத்தைப் பார்க்கமாட்டார். ஒருநாள் ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி எறிந்தேன். அவர் குனிந்து கீரையைப் பொறுக்கினார். கத்தாத காக்காவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நான் எலும்பும் தோலுமாய் ஆன பிறகுதான் புது மருந்து சிங்கப்பூர் வரை வந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். இன்சுலின் என்ற பெயர் அப்போது என் வாயில் நுழையவில்லை. சின்னப் புட்டி, அதற்குள் தண்ணீர் போல ஏதோ. இதுவா என்னைக் காப்பாற்றப் போகிறது என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. டிரஸ்ஸர் காலையும் மாலையும் தொடையில் குத்தினார். சில நாளில் தாகம் போனது. ஒரு கைப்பிடி சோறு தின்னலாம் என்றார்கள். அந்தச் சோற்றை நான் உடனே விழுங்கவில்லை, வாயிலேயே வைத்திருந்தேன். சுபஹானல்லாஹ், சோறு இவ்வளவு இனிப்பா!

காக்காவுக்கு இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும். டிரஸ்ஸரைக் கடைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். டிரஸ்ஸர் அடுப்பைக் காட்டிச் சொன்னார்.

"பாய், ஒங்க கடையில அரிசி மூட்டை மூட்டையா கெடக்கு, அடுப்பு அணைஞ்சு போச்சுன்னு வைங்க. யாருக்காவது சோறு கிடைக்குமா? தம்பி ஒடம்புல சக்கரைக்குப் பஞ்சம் இல்ல. அதை எரிக்கிற அடுப்புதான் அணைஞ்சிருச்சு. வயித்துக்குப் பின்னால ஒரு சதை இருக்கு, அதுல ஊறுற சாறுதான் அந்த நெருப்பு. தம்பிக்கு அது ஊறல. அதனால மாட்டோட சதையில இருந்து எடுத்து அனுப்புறாங்க."

"மாடா?" என்றார் காக்கா. அன்று முழுக்க வேறு பேச்சே இல்லை. சட்டியைக் கிளறியபடியே "மாடா, மாடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. சிகாமட் ஆறு பொங்கி ஊருக்குள் வந்தது, தண்டவாளம் தண்ணீருக்குள் போனது, ரயில் நின்றது. ஆஸ்பத்திரியில் எனக்கென்று இருந்த புட்டி தீர்ந்துபோயிற்று. அடுத்தது சிங்கப்பூரிலிருந்து ரயிலில்தான் வரவேண்டும். "மருந்து வர்ற வரைக்கும் தம்பிக்கு சோத்தைக் கண்ணுல காட்டாதீங்க. பழையபடி பட்டினிதான்" என்று டிரஸ்ஸர் சொல்லிவிட்டுப் போனார். கடைக்குள் முழங்கால் தண்ணீர். மேசைமேல் மேசை போட்டு என்னை அதன்மேல் படுக்கவைத்திருந்தார்கள்.

 காக்கா கைலியை மடித்துக் கட்டினார். "வெள்ளைக்காரன் மாட்டுக்குள்ள இருந்துதானேடா எடுக்குறான்? மாடு இங்கயும் இருக்கு. கத்தி இருக்கு. எனக்குக் கை இல்லையா?"

மேட்டில் இருந்த கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒரு மாடு அறுத்திருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், வயிற்றுக்குப் பின்னால் தானே கைவிட்டுத் தேடி, வாழை இலையில் பொதிந்து கொண்டுவந்தார். என் முகத்துக்கு நேரே இலையைப் பிரித்தார். வெளிறிய நிறத்தில், நீளமாய், கொழகொழவென்று ஒரு சதை.

"இத்தனை வருஷமா இதை நாய்க்குப் போட்டிருக்கேனேடா!" என்றார் காக்கா.

இரண்டுபேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வளவுதானா? கறிக்கடையில் பெயர்கூட இல்லாத இந்தத் துண்டுதான் மாட்டையும் மனுஷனையும் நடமாட விட்டிருக்கிறதா? படைத்தவன் இதை எவ்வளவு ஒளித்து வைத்திருக்கிறான்!

அன்றுபோல ஒரு சமையலை நான் பார்த்ததில்லை. தேங்காயில் இனிப்பு இருக்கிறது என்று தேங்காய்ப்பால் இல்லை. மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி. சாறு அத்தனையும் இறங்கவேண்டும் என்று ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவக்கக் காய்ச்சினார். "பிஸ்மி சொல்லிக் குடி" என்று கிண்ணத்தை வாயில் வைத்தார். உண்மையைச் சொல்லவேண்டும், அபார ருசி! மறுநாளும் கம்பத்துக்குப் போனார், மறுநாளும் காய்ச்சினார், நானும் நம்பிக் குடித்தேன்.

ஆனால் தாகம் திரும்பி வந்தது. வயிறு புரட்டியது. கொல்லன் துருத்தி மாதிரி மூச்சு ஆழமாய் இழுக்க ஆரம்பித்தது. காக்கா குனிந்து என் வாயை மோந்து பார்த்தார்.

"அன்னாசிப்பழம் தின்னியாடா? திருட்டுத்தனமா தின்னியா?"

"அல்லாஹ் மேல ஆணையா இல்ல காக்கா. வெள்ளத்துல அன்னாசிக்கு நான் எங்க போவேன்?"

"பின்ன எப்படிடா பழ வாசம் வருது?"

இனிப்பை எரிக்க முடியாத உடம்பு தன் கொழுப்பையே எரித்துத் தின்னும்போது அப்படித்தான் வாடை வரும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. விறகுக்கார மலாய்க்காரரின் சம்பான் படகில் என்னைக் கிடத்தி, காக்கா ஆஸ்பத்திரி மேட்டுக்குக் கொண்டுபோனாராம். தண்டவாளம் அறுந்த இடம்வரை டிராலியிலும் மீதி தூரம் படகிலுமாக மருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்ததாம். இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லிக் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டிரஸ்ஸர் அந்தக் கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டினார். செங்கல் நிறம் இல்லை, மஞ்சள் இல்லை, பச்சைகூட இல்லை. நீலம்! மழை விட்ட வானத்தின் நீலம். செத்துக்கொண்டிருந்தவனை ஒரு சொட்டுத் தண்ணீர் திருப்பிக் கூட்டிவந்துவிட்டது. 

டாக்டர் வந்ததும் காக்கா முதலில் கேட்டது தன் ஆணத்தைப் பற்றித்தான். மலாயில் கேட்டார். ஊசியில் இருக்கிறதுதானே கிண்ணத்திலும் இருந்தது, ஏன் வேலை செய்யவில்லை? டாக்டர் சிரிக்கவில்லை. வயிற்றுக்குள் போனால் அதுவும் வெறும் இறைச்சிதான், வயிறு அதைச் செரித்துவிடும், அதனால்தான் தோலுக்குள் குத்துகிறோம் என்றார். பெரிய பெரிய டாக்டர்களும் முதலில் அதை வாய்வழியாகத்தான் கொடுத்துப் பார்த்துத் தோற்றார்களாம். காக்காவுக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

அடுத்து நான் கேட்டேன், இன்னும் எத்தனை நாளைக்கு ஊசி? மலேரியாவுக்குக் கொய்னா விழுங்குவதுபோல, கொஞ்ச நாள் குத்திக்கொண்டால் அடுப்பு தானே பற்றிக்கொள்ளும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"செபாஞ்சாங் ஹயாத்" என்றார் டாக்டர். ஆயுள் முழுக்க. எங்கள் வீட்டிலும் ஆயுளை ஹயாத்து என்போம், எனவே யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! "ஹயாத்து பூராவுமா? தினம் ரெண்டு வேளை குத்து வாங்கிட்டு? இதுக்கு அந்த வெள்ளமே என்னைக் கொண்டு போயிருக்கலாம்!" என்று கத்தினேன்.

காக்கா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். ஓங்கிய கை அப்படியே இறங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டது. அவர் வாய்விட்டு அழுதார்.

"ஹயாத்துன்னார்டா! கேட்டியா? மொத மொதல்ல ஒன்னைக் கொண்டாந்தப்ப இதே டாக்டர் நோன்புப் பெருநா வரைக்கும் தாங்க மாட்டான்னார். ஒங்கிட்ட சொல்லல. ஒன் ஒயரத்துக்கு நானே அளந்து, செத்தா சுத்துற கபன் துணி வாங்கி, என் பெட்டிக்குள்ள வச்சிருக்கேன்டா. பத்தொம்பது வயசுப் பிள்ளைக்குக் கபன் துணி! இப்ப அதே வாயால ஹயாத்துங்கறார். அது ஒனக்குக் கசக்குதா?"

 கைலியை ஒதுக்கித் தொடையைக் காட்டினேன். டிரஸ்ஸர் ஊசியை எடுத்தார். காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மெதுவா செய்ங்க, நான் பாத்துக்கறேன். இனிமே வீட்டுல நான்தானே குத்தணும்."