சொந்த வீடு உள்ள ஒருவரின் கையெழுத்து

கல்கத்தாவில் கார் வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததே இல்லை. ஆசைப்பட்டு வாங்குகிற அளவுக்குத் துறைமுக அலுவலகத்தில் சம்பளத்தை வாரிக் கொட்டிவிடவும் இல்லை. என் மனைவிக்குச் சிறுவயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பியிருந்தது. பெஹாலாவில் எங்கள் வாடகை வீடு. டாலிகஞ்சில் அவள் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம். நடுவே மினிபஸ் என்கிற நரகம். ஒருநாள் அவள் இறங்கி முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டான். நெற்றியில் நாலு தையல். இனியும் தாமதமாக வந்தால் அடுத்த மாதம் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

பழைய ஃபியட் ஒன்று விலைக்கு வந்தது. தவணைக் கடன் கொடுக்கும் கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் என் சம்பளச் சீட்டை மூக்கைப் பிடிக்காத குறையாகப் பார்த்தார். மதராஸ்காரர் நாளைக்கே ஹௌராவில் ரயிலேறிவிட்டால் நான் யாரிடம் போவேன் என்று கேட்டார். ஒன்பது வருஷமாக அவர் ஊர்த் துறைமுகத்தில் மாடாய் உழைக்கிறவன் நான். கல்கத்தாவில் சொந்த வீடு உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் ஆயிற்று என்று ஃபாரத்தைத் தள்ளிவிட்டார்.

அங்கே சொந்த வீடு வைத்திருந்த தமிழர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். காப்பிப்பொடிக் கடைக்காரர். தமிழர் கூட்டம் எங்கே நடந்தாலும், பிழைக்க வந்த இடத்தில் நாம் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்க வேண்டாமா என்று மைக்கைக் கடித்துத் தின்பார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். மூன்று முறையும் காப்பி வந்தது, கையெழுத்து வரவில்லை. கடைசியில், "யாருக்கும் ஜாமீன் போடறதில்லைன்னு ஒரு கொள்கை வச்சிருக்கேன், தம்பி" என்றார். கொள்கையாம், வெங்காயம்! அந்தக் காப்பியிலும் சிக்கரிதான் அதிகம்.

வீட்டுக்கு வந்து அவர் பரம்பரையையே ஏசினேன். மனைவி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தெருமுனை கிளப்புக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றாள்.

அவன் துர்கா பூஜை கிளப்பின் காரியதரிசி. வேலைவெட்டி கிடையாது, நாள் முழுக்கக் கேரம் போர்டு. அப்பன் கட்டிய வீடு ஒன்று இருந்ததால் சோற்றுக்குப் பஞ்சமில்லை. வருஷாவருஷம் சந்தா ரசீதில் ஐந்து ரூபாய் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு வருவான். நான் அவனை வாசலிலேயே நிறுத்தி, ஐந்தை அடித்து இரண்டு என்று திருத்த வைத்துத்தான் கொடுப்பேன். இவள் விழுந்த அன்று ரிக்‌ஷாவில் டாக்டரிடம் கூட்டிப்போய், வீட்டில் கொண்டுவந்து விட்டதும் அவன்தான். அன்றைக்கும் நான் அவனை உள்ளே கூப்பிடவில்லை. ஏதாவது கேட்பான் என்று நினைத்தேன்.

"அவன்கிட்டயா? அதுக்கு நீ ஸ்கூலுக்கு நடந்தே போயிடலாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று எனக்கே உறைத்தது. அவள் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் இஸ்திரி போட்ட வேட்டியும் ஜிப்பாவுமாக, வீட்டு வரி ரசீதோடு கிளப்புக்காரர் கம்பெனிக்கு வந்தார். மேனேஜர் எழுந்து நாற்காலி போட்டார். காட்டிய இடத்திலெல்லாம் இவர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் என் ஓட்டை வங்காளத்தில் நன்றி சொன்னேன்.

"பௌதிக்காகப் போட்டேன். உங்களுக்காக இல்லை" என்றார் அவருடைய மொழியில். அண்ணியைத்தான் அங்கே பௌதி என்பார்கள்.

கார் வந்தது. அவள் வேலையும் தப்பியது. அந்த வருஷப் பூஜைக்கு அவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். உள்ளே வாருங்கள் என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். வாசலிலேயே நின்றார். ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினேன். ரசீது ஏற்கெனவே எழுதியிருந்தது, இரண்டு ரூபாய் என்று. நோட்டை என் கையிலேயே விட்டுவிட்டு, சில்லறை இருக்கிறதா என்று கேட்டார்.