சேலை கட்டிய ஸ்ப்ரூஸ் மரங்கள்

சாலைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே மரங்கள் வேண்டும் என்று முதலில் கேட்டவள் நான்தான். பிற்பாடு விருந்தினர்களிடம் அப்பா அதைத் தன் யோசனையாகவே சொல்லி வந்தார். நான் திருத்தியதில்லை. திருத்தினால் எதற்காகக் கேட்டேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டின் கோடையில் பிளெய்ன்ஸ்பரோவின் அடுக்ககத்தை விட்டு, நியூ ஜெர்சியின் மேற்குப் பக்கத்தில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவில் இருந்த ஒரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். இரண்டு ஏக்கர் நிலம். கோபிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மருந்து நிறுவனமொன்றின் கணினிப் பிரிவில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அந்த நிலத்தைப் பார்த்த முதல் நாளே நடையில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது. அம்மாவின் கருத்தை யாரும் தனியாகக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் ஈரோட்டில் கணக்கு டீச்சராக இருந்தவர். இங்கே அவருடைய விசாவில் வேலைக்குப் போக அனுமதியில்லை. கார் ஓட்டவும் அப்போது தெரியாது. அடுக்ககத்தில் உறை மோர் கேட்டும், கறிவேப்பிலை கொடுத்தும் நாளுக்கு நான்கு பேராவது கதவைத் தட்டுவார்கள். புதிய வீட்டில் கதவைத் தட்டியவர் தபால்காரர் மட்டுமே, அதுவும் கையெழுத்து தேவைப்பட்டால்தான்.

என் சங்கடம் வேறு. காலை ஏழே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அதே நேரத்தில் அப்பா கட்டம்போட்ட லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தண்ணீர்க் குழாயுடன் முன்புல்வெளியில் நின்றுகொண்டிருப்பார். பக்கவாட்டுக் கொடியில் அம்மாவின் உள்பாவாடைகள் காற்றில் உப்பிக்கொண்டிருக்கும். பேருந்தில் பின்னிருக்கைப் பையன் ஒருவன், உன் அப்பா ஏன் ஸ்கர்ட் போட்டிருக்கிறார் என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். பத்து வயதில் கேலியைத் தாங்கலாம். அக்கறையைத் தாங்க முடியாது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, நமக்குப் பிரைவசி இல்லை என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன்.

“அதென்ன சாமி, பிரைவசி?” என்றார் அப்பா. அவருக்குச் சொல்லின் பொருள் தெரியும். அது தன் வீட்டில் எங்கே குறைகிறது என்பதுதான் தெரியவில்லை.

“ரோட்டுல போறவிய பாக்கறாங்களாமா. மறைப்பு கேக்கறா உங்க புள்ள” என்றார் அம்மா, தோசையைத் திருப்பியபடி.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படிச் சொல்லு. வேலி வேணுங்கறே. ஊர்ல தோட்டத்தச் சுத்திக் கிளுவ வேலி போடறாப்பல போட்டுட்டாப் போகுது.”

கிளுவை இந்தக் குளிரில் வராது என்பதால் சனிக்கிழமை நாற்றுப்பண்ணைக்குப் போனோம். அதை நடத்திய முதியவர், ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும், காற்றைத் தடுக்கும், பத்து ஆண்டுகளில் ஓர் ஆளை அல்ல, ஒரு வீட்டையே மறைக்கும் என்று சொல்லி நார்வே ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தைக் காட்டினார். பதினோரு கன்றுகள் வாங்கினோம். ஒவ்வொன்றும் என் தோள் உயரம். வேரோடு சேர்ந்த மண் உருண்டை சாக்கில் கட்டப்பட்டிருந்தது. பத்தடிக்கு ஒன்றாக, ஒரே கோட்டில் நிற்காமல் முன்னும் பின்னுமாகக் குழி எடுக்கச் சொன்னார். அப்பா நூல் பிடித்து, குச்சி நட்டு, இரண்டு வார இறுதிகளில் பதினோரு குழிகளையும் தானே தோண்டினார். முதல் கன்றுக்கு அம்மா மஞ்சள் வைத்தார். வாசலை ஒட்டிய மூன்று கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. பேருந்து அரை நிமிடம் நிற்கும் இடம் அதுதான் என்பதால் அந்த மூன்றும் எவ்வளவு சீக்கிரம் வளரும் என்று தினமும் என் தோளை வைத்து அளந்துகொண்டேன்.

அக்டோபரில் மான்கள் வந்தன. கொம்பைக் கன்றுகளின் தண்டில் தேய்த்துப் பட்டையை உரித்தன. தண்டைச் சுற்றி வலை கட்டினோம். வாசனைச் சோப்பைக் கட்டித் தொங்கவிட்டால் மான் அண்டாது என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஊரிலிருந்து வந்த சந்தன சோப்புகளை அப்பா எடுக்கப் போனார்.

“மானுக்குச் சந்தன சோப்பு கேக்குதா? நானே ஒரு சோப்ப மூணு மாசம் வெச்சுக் குளிக்கறேன்” என்றார் அம்மா. மான்களுக்கு மலிவான சோப்பே கிடைத்தது. அதுவே போதுமானதாகவும் இருந்தது.

மான்களைக் காட்டிலும் பெரிய ஆபத்து சாலையிலிருந்து வரும் என்று நாற்றுப்பண்ணைக்காரர் எச்சரித்திருந்தார். பனி தள்ளும் லாரி உப்பைத் தூவிக்கொண்டே போகும். உப்புக் கலந்த பனிச்சேறு இளங்கன்றின் மேல் வாரியடித்தால் வசந்தத்தில் ஊசியிலைகள் பழுத்து உதிர்ந்துவிடும். முதல் குளிர்காலத்தில் மட்டுமாவது, சாலைப் பக்கம் குச்சி நட்டுச் சாக்குத்துணியால் திரை கட்ட வேண்டும். அப்பா தள்ளிப்போட்டார். டிசம்பரில் பனிப்புயல் அறிவிப்பு வந்த பிறகு போனால், சுற்றுவட்டாரத்தில் ஒரு கடையிலும் சாக்குத்துணி இல்லை.

அப்பா வெறுங்கையோடு திரும்பினார். அம்மா மாடிக்குப் போய்ப் பெரிய பெட்டியைத் திறந்தார். கல்யாணத்திலும் வளைகாப்பிலும் உறவினர்கள் வைத்துக்கொடுத்த நைலான் சேலைகள் அதில் இருந்தன. அமெரிக்காவில் கிடைக்காது என்று மூட்டை கட்டி அனுப்பப்பட்டு, ஒருமுறைகூடக் கட்டப்படாதவை.

“ஈரம் குடிக்காது, கிழியாது, சாயமும் போகாது. உங்க சாக்கு இப்படி இருக்குமா?” என்றார்.

“வேண்டாம்னு யாரு சொன்னா?” என்றார் அப்பா, ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு.

ஒரு மரத்துக்கு நான்கு குச்சி, ஒரு சேலை. சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. கிளிப்பச்சை, மிளகாய்ச் சிவப்பு, மயில்கழுத்து நிறம் என, வெள்ளை வெளேரென்ற பனியின் நடுவே ஜரிகைக் கரை மினுங்க, பதினோரு சேலைகள் சாலையைப் பார்த்து நின்றன. ஒரு லுங்கியையும் நான்கு பாவாடைகளையும் மறைக்கப் போய், மூன்று மைல் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்த வீடாக எங்கள் வீட்டை ஆக்கியிருந்தேன். கார்கள் வேகம் குறைத்தன. பேருந்துப் பிள்ளைகள் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். பேருந்தை ஓட்டிய பருமனான பெண்மணி, “சோ ப்ரிட்டி, ஹனி” என்று என்னிடமே சொன்னார். அதையும் கேலிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஒருநாள் காலை, அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது, அம்மா அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலை ஒட்டிய மூன்று மரங்களின் சேலைகளைக் கழற்றினேன். கராஜில் புல்வெட்டும் இயந்திரத்தின் பின்னால் அவற்றை ஒளித்துவைத்தேன். சாயங்காலம் கேட்டார்கள். காற்றில் போய்விட்டது என்றேன். இரண்டு நாள் கழித்துப் பனி கொட்டியது. லாரி இரண்டு முறை வந்துபோனது. அந்தக் குளிர்காலத்தில் அது இன்னும் எத்தனை முறை வந்தது என்று நான் பார்க்கவில்லை.

ஏப்ரலில் எட்டு மரங்கள் நுனிகளில் இளம்பச்சை விட்டன. மூன்று மரங்கள் துருப்பிடித்ததுபோல் பழுத்துக் கொட்டின. அப்பா ஒவ்வொரு கிளையாக ஒடித்துப் பார்த்தார். உள்ளே ஈரமே இல்லை. அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. பிறகு அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு, டவுன்ஷிப் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். லாரிக்காரர் எங்கள் வாசலருகே மட்டும் தாறுமாறாக உப்பை வாரி இறைத்திருக்கிறார், அவர் மேல் நடவடிக்கை வேண்டும் என்பது சாரம். எழுதி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். என் ஆங்கிலம் தன்னுடையதைவிடச் சுத்தமானது என்பது அவர் நம்பிக்கை.

“ஸ்பெல்லிங் மட்டும் பாரு கண்ணு.”

பார்த்தேன். அலட்சியத்தைக் குறிக்கும் ‘நெக்லிஜென்ஸ்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து தவறியிருந்தது, சரிசெய்தேன். முகம் தெரியாத ஒருவருடைய வேலை அந்தச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது எனக்குப் புரிந்தே இருந்தது. ஒரு பொய் சொன்னவரிடமே நின்றுவிடுவதில்லை. அது அடுத்து யார் வீட்டுக்கதவைத் தட்டும் என்பதைப் பற்றி இன்றைக்கு நான் செய்யும் வேலையில் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். அன்றைக்குச் செய்தது எழுத்துப்பிழை திருத்தம்.

கடிதத்தை உறையில் போடும் முன்பு அம்மா என்னைக் கராஜுக்கு அழைத்தார். புல்வெட்டும் காலம் தொடங்கிவிட்டது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. இயந்திரம் முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. மூன்று சேலைகளும் பெஞ்சின் மேல் இருந்தன.

“நல்ல காத்துதான். முந்தானைய உள்ள வெச்சு, கரை கலையாம மடிச்சு வெச்சுட்டுப் போயிருக்குது” என்றார்.

அவர் கற்றுக்கொடுத்தபடியே மடித்திருந்தேன். என் பதிலுக்கு அம்மா காத்திருக்கவில்லை. சேலைகளைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“ஏனுங்க, அந்த லெட்டர் போடாதீங்க. மூணு சேலையக் கழட்டுனது நாந்தான். கோயிலுக்குக் குடுக்கலாம்னு எடுத்து வெச்சு மறந்துட்டேன்.”

“மறந்துட்டியா? காத்துல போச்சுன்னு புள்ள சொன்னா?”

“அவளுக்கென்ன தெரியும்?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். கடிதத்தை நான்காகக் கிழித்தார். எவ்வளவு புரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றும் தெரியாது. “சரி, வர்ற சனிக்கிழமை புதுசா மூணு வாங்கிட்டு வந்துட்டாப் போச்சு” என்றார்.

“அந்த எடத்துல ஒண்ணும் வெக்க வேண்டாம்” என்றார் அம்மா.

“அப்புறம் மறைப்பு?”

“இருக்கற எட்டு மரம் மறைச்சாப் போதும்.”

அப்படி ஓர் உறுதியோடு அம்மா பேசிவிட்டால் அப்பா மேலே கேட்பதில்லை. பட்ட மரங்களைப் பிடுங்கிய இடத்தில் முப்பதடி வெட்டவெளி உண்டானது. அடுத்த வாரத்திலிருந்து பேருந்து வரும் நேரத்துக்கெல்லாம், காலையிலும் மாலையிலும், அம்மா அந்த இடைவெளியில் வந்து நின்றார். ஓட்டுநர் அம்மாவைப் பார்த்ததும் ஹாரனை இரண்டு முறை சின்னதாகத் தட்டுவார். அம்மா கையை உயர்த்துவார். பத்து நாளில் இருவரும் ஓரிரு வார்த்தை பேசவும் தொடங்கினார்கள்: குளிர் விட்டதா, மழை வருமா என்று. நான் இருக்கையில் சரிந்து உட்கார்ந்துகொள்வேன். எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடிக்காமல், திட்டாமல், அப்பாவிடம் காட்டிக்கொடுக்காமல், தினமும் இரண்டு வேளை எல்லோர் முன்னாலும் வந்து நிற்பது. நியாயமான தண்டனை என்றே ஏற்றுக்கொண்டேன். பள்ளி மூடும்வரை எத்தனை நாள் பாக்கி என்று எண்ணிக்கொண்டும் இருந்தேன்.

மே மாதக் கடைசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்குப் போகவில்லை. ஹாலில் சோபாவில் படுத்திருந்தேன்; அப்பா வேலைக்குப் போயிருந்தார். மாலை மூன்றரைக்கு அம்மா அடுப்பை அணைத்தார். கையைக் கழுவித் துடைத்தார். கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்து, கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டினார்.

“எங்கம்மா போறே?” என்றேன்.

“பஸ் வர்ற நேரமாச்சு” என்றார்.

சன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா மரங்களின் நடுவே போய் நின்றார். பேருந்து எங்கள் வாசலில் நிற்க வேண்டிய தேவையே அன்று இல்லை. இருந்தும் நின்றது, கதவும் திறந்தது. ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. அம்மா எதையோ சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. பேருந்து வளைவைத் தாண்டும்வரை கையை உயர்த்தியபடியே நின்றார்.

பாவம், நான் இன்றைக்குப் பேருந்தில் இல்லை என்பதை அம்மா மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.