பூஜ்யம் அல்ல, அரை மீட்டர்

என் நாட்குறிப்பில், போன கோடையின் ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "காலை 10.15. வாசகசாலை. நிரல் இரண்டாவது கிணற்றிலேயே நின்றுவிட்டது."

குமரி மாவட்டத்துப் பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வார்டு. அந்த வருடம் கிணறுகள் சீக்கிரமே வற்றின. பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். அடியோடு வறண்ட வீட்டுக்கே முதலில். அந்த வரிசையைத் தயாரிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். ஓய்வுபெற்ற பிறகு ஹாஸ்கெல் என்ற கணினி நிரல்மொழி படித்துக்கொண்டிருந்தேன். கணக்கில் வரும் சார்புகளைக் கோத்தே எல்லாவற்றையும் எழுதும் மொழி அது. நாலு பேருக்குக் காட்ட ஓர் ஆசை.

கயிற்றில் கல் கட்டிக் கிணற்றின் அடிவரை இறக்கி, நனைந்த நீளத்தை அளந்து வந்து, அவரவரே கணினியில் தட்டவேண்டும். இரண்டாவதாக வந்தவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலைக்குப் போகும் பெண்மணி. ரப்பர் ஷீட் எடை எழுதும் பழக்கத்தில், அரை மீட்டருக்கு '.5' என்று தட்டினார். புள்ளிக்கு முன்னால் ஓர் இலக்கமாவது இல்லாவிட்டால் அந்த மொழி அதை எண்ணாக வாசிக்காது. நிரல் விழுந்து நின்றுவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பதற்றத்தில், வாசிக்க முடியாததையெல்லாம் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரியை மாற்றினேன்.

பிறகு தடங்கலில்லை. ஒரு வீடு பூட்டிக் கிடந்ததால், அதற்கு வார்டு மெம்பர் வெறும் எண்டரைத் தட்டினார். பட்டியல் அச்சாகி வந்தது. பூஜ்யம் விழுந்த வீடுகளில் முதலில் தட்டியவர் என்பதால் அந்தப் பெண்மணியின் வீடு முதலிடம்.

"அடிச்சது யோகம்! முதல் லாரி ஒங்களுக்காக்கும் அக்கா," என்றார் மெம்பர்.

அந்தப் பெண்மணி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "சாரே, எங்க கெணத்துல அரை மீட்டர் தண்ணி உண்டு. ஒங்க கம்ப்யூட்டருக்கு எங்க கெணறு வத்தணும்னு நேர்ச்சையா?"

"மிஷினே சொல்லியாச்சு, சும்மா இரிங்க அக்கா," என்றார் மெம்பர்.

"அப்போ அடுத்த வீட்டுல உள்ளவிய எங்க போவாவ? அங்க ஒரு சொட்டு கெடையாது. எனக்கு உள்ளத உள்ளபடி எழுதணும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வாசிக்க முடிந்தால் எண், முடியாவிட்டால் 'எண் இல்லை' என்று அந்த மொழியே பிரித்துச் சொல்லும் வழி உண்டு. அந்த 'இல்லை'யைத்தான் நான் பூஜ்யத்தால் மூடியிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். '.5' வந்தால் விழாமல் மறுபடி கேட்டது, அவர் '0.5' என்று தட்டினார். எண்டர் மட்டும் வந்தால் இடம் காலியாக நின்றது. லாரி முதலில் அடுத்த வீட்டுக்குப் போனது.

அந்த நிரலில் எனக்குப் பெருமை உண்டு. தனக்கு லாபமான தப்பைத் தானே சுட்டிக்காட்டிய ஒருவர் எங்கள் வார்டுக்காரர் என்பதில் அதைவிடப் பெருமை. தெரியாததைப் பூஜ்யம் என்று எழுதக்கூடாது என்பதை அன்று படித்தேன்.

பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக் கிணற்றில் அன்று எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று பிறகு பலரிடம் விசாரித்தேன். ஆளுக்கு ஓர் அளவு சொன்னார்கள், சரிபார்க்க முடியவில்லை. என் பட்டியலில் அந்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது.