வீரசிங்கத்தின் மீசைக் கடன்

ஸ்பிரிங்வெளி தோட்டத்து வீரசிங்கம் இந்த ஆடியில் கதிர்காமம் போய் மீசையை எடுக்கப்போகிறாராம். வதந்தி பதுளை பஸ் நிலையம்வரை வந்துவிட்டது. சரிபார்க்கப் போனால், மனிதர் காமிலின் தேநீர்க்கடைக் கண்ணாடி முன்னால் நின்று, தேங்காயெண்ணெய் தொட்ட விரல்களால் மீசையின் இடது நுனியை முறுக்கிக்கொண்டிருக்கிறார். வலது நுனி ஏற்கனவே தயார்.

ஃபெக்டரியில் தேயிலை உலர்த்தும் அடுப்பு அவர் பொறுப்பு. "இத்தன வருசமா நெருப்புகிட்ட நிக்கிறேன், ஒரு முடி பொசுங்கியிருக்கா சொல்லுங்க?" என்பார். அவருடைய அடுப்பு, அவருடைய சேவல், அவர் மனைவி வைக்கும் கருவாட்டுக் குழம்பு, எல்லாமே ஊரில் உசத்தி. மகள் விஜிதாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடும். "சோப்புக் கம்பனில ஏதோ வேலைங்க."

காரணம் இருக்கிறது. விஜிதா உயர்தரப் பரீட்சை எழுதிய காலத்தில், "முருகா, புள்ளய கெமிக்கல் இன்ஜினியராக்கிரு, மீசையத் தர்றேன்" என்று கதிர்காமத்தில் எல்லோர் காதிலும் விழும்படி நேர்ந்துகொண்டார். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்து கம்பஸ் கைநழுவியபோது வீடே அழுதது. வீரசிங்கமும் அழுதார், மீசை நனையாமல்.

மகள் விடவில்லை. இரசாயனப் பொறியியலில் டிப்ளோமா முடித்தாள். "டிப்ளோமாதானே" என்றார். சவர்க்காரத் தொழிற்சாலையில் பயிற்சி கிடைத்தது. "ட்ரெயினிங்தானே" என்றார். அங்கேயே வேலை பார்த்தபடி படித்துப் பட்டமும் வாங்கி, போன மாதம் பொறியியலாளராகவும் ஆகிவிட்டாள். நன்றாக யோசித்து, "நா சாமிகிட்ட கேட்டது நேர் வழி. இது சுத்து வழி" என்றார்.

"சாமிகிட்டயே சட்டம் பேசுறீங்களா?" என்று மனைவி பாக்கியலெட்சுமி கரண்டியோடு வந்தாள்.

விஜிதா தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான். "மீசைய நீங்களே வச்சுக்கங்கப்பா. அப்ப நா இன்ஜினியர் இல்லங்கிறீங்களா?"

அன்றிலிருந்து அவருக்குக் கருவாட்டுக் குழம்பும் இறங்கவில்லை.

கண்ணாடி முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னால், பாடசாலைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் இரகுநாதன் காமிலிடம் புலம்பிக்கொண்டிருந்தார். "என்ர மகன் கெமிக்கல் இன்ஜினியரிங்தான் வேணுமெண்டு நிக்கிறான். வெட்டுப்புள்ளி காணாது. வேற வழியே இல்லைப்போல."

"யாரு சொன்னா?" வீரசிங்கம் திரும்பினார். எந்த டிப்ளோமா, எங்கே பயிற்சி, வேலையோடு பட்டம் எப்படி என்று மூச்சுவிடாமல் சொன்னார். ஒவ்வொன்றையும் தட்டிக் கழித்துத் தட்டிக் கழித்தே அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.

இரகுநாதன் உதட்டைப் பிதுக்கினார். "உது சுத்து வழியெல்லோ. உப்பிடிப் போய் ஆரும் இன்ஜினியரா வந்திருக்கினமோ?"

"ஏன் வரல? எம் மக வந்திருக்காளே! இன்ஜினியருங்க அவ!"

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த காமிலின் கை அந்தரத்தில் நின்றது. "அப்ப மீச, அண்ணே?"

வீரசிங்கத்தின் எண்ணெய்க் கை மெல்ல உயர்ந்து மேலுதட்டைப் பொத்திக்கொண்டது. உள்ளங்கைக்கு இருபுறமும் நுனிகள் இரண்டும் எட்டிப் பார்த்தன.