தந்தையின் எண் செல்லாது

போன வாரம் ஒரு ஜெராக்ஸ் எடுக்கத் தென்காசியில் பிரவுசிங் சென்டர் ஒன்றுக்குப் போனேன். எனக்கு முன்னால் கடையநல்லூர் நூர்ஜஹான் அக்கா. மகள் சஃபியாவுக்குத் திருநெல்வேலியில் கல்லூரி விடுதியில் இடம் கேட்டு ஆன்லைன் விண்ணப்பம்.

எல்லாம் ஓடியது... 'தந்தையின் மொபைல் எண்' வரும் வரை. தந்தை இருப்பது சவுதியில். அந்த ஊர் எண்ணை அடித்தால் கட்டம் சிவக்கிறது. பத்து இலக்கம்தான் வேண்டுமாம். நாட்டுக் குறியீட்டோடு போட்டால் கூடுதல். இல்லாமல் போட்டால் ஒன்று குறைவு. காலியாகவும் விடக்கூடாது. அம்மாவின் எண்ணையே திரும்பப் போட்டால், அதை ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்கிறது.

"பதினோரு வருஷமா இந்த நம்பர்லதான் பேசுதோம் அண்ணாச்சி. இது எப்படித் தப்பான நம்பரு?"

கடைக்கார அண்ணாச்சி அசரவில்லை. "கல்ஃப்ல இருக்க வாப்பாமாருக்கெல்லாம் என் நம்பரத்தான் போடுதேன். பெத்தவனுக்குக்கூட இம்புட்டு மெசேஜ் வராதுக்கா" என்றார். அக்காவே சிரித்துவிட்டார்.

பச்சை டிக் விழுந்தது.

யோசியுங்கள்... உண்மையைத் துப்பிய படிவம், பொய்யை இனிக்க இனிக்க விழுங்கிக்கொண்டது. இதற்குப் பெயர் சரிபார்ப்பாம்!

நேற்று மறுபடி போனேன். அக்காவும் சஃபியாவும் நின்றிருந்தார்கள். அண்ணாச்சி முகம் கொடுக்கவில்லை. விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது. முந்தின நாள் மாலை ஐந்துக்குள் உறுதிசெய்யச் சொல்லிச் செய்தி — தந்தையின் எண்ணுக்கு மட்டும். அந்தத் 'தந்தை'யோ சீசன் சாரலில், குற்றாலத்தில், அருவிக்கடியில்! போன் ஸ்கூட்டர் சீட்டுக்குள். தலை துவட்டிப் பார்த்தபோது மணி ஆறு. இடம் அடுத்த பெண்ணுக்குப் போயிருந்தது.

இனி சஃபியாவுக்குத் தினமும் திருநெல்வேலி பஸ். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு.

யார் மேல் கோபப்பட? குளித்த மனிதர் மேலா? கடல் தாண்டி உழைக்கும் தகப்பன் என்று ஒருவன் உண்டு என்பதே தோன்றாமல், ஏசி அறையில் உட்கார்ந்து அந்தச் சிவப்புக் கட்டத்தை வைத்தவர் மேலா?

காவல் வேண்டாம் என்று சொல்லவில்லை. குற்றால அருவியிலும் கம்பி போட்டிருக்கிறார்கள். ஆளை வெள்ளம் இழுக்காமல் இருக்கத்தான்... தண்ணீர் விழாமல் இருக்க அல்ல.

அப்போது அக்காவின் போன் அடித்தது. சவுதி. ஸ்பீக்கரில் அவசரக் குரல்: "ஏட்டி, ஹாஸ்டல்லேர்ந்து தகவல் ஏதும் வந்துச்சா? நானும் ரெண்டு நாளா போனையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

அந்தச் செய்தி இந்த எண்ணுக்குப் போயிருந்தால், உறுதிசெய்ய ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா?