பொழுது போன பிறகு கிடைத்த சாப்பாடு

சில வருடங்களுக்கு முன், கார்த்திகை மாதத்தில், மழை விட்டு நன்றாக வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்திலிருந்து அப்பா, அம்மா, அண்ணன், நான், எங்கள் நாய் சுண்டல் என எல்லோரும் காரில் செஞ்சிப் பக்கம் கிளம்பினோம். கொண்டைக்கடலை நிறத்தில் இருந்ததால் அண்ணன் வைத்த பெயர் அது. அண்ணன் வேலைக்காகப் புனே போவதற்கு முன் நாங்கள் சேர்ந்து போன கடைசிப் பயணமும் அதுதான்.

நான் இன்ஜினீயரிங் படித்தவள். எங்கே போனாலும் பட்டியல் போட்டுத்தான் கிளம்புவேன். தண்ணீர், தொப்பி, பேண்டேஜ், டார்ச், சுண்டலுக்குக் கிண்ணம். அப்பாவின் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான்: கேமரா.

பாறைகளை அள்ளிக் கொட்டியது போலிருக்கும் அந்தப் பக்கத்துக் குன்றுகள். மழைக்குப் பிறகு அடிவாரம் முழுக்கப் பூ. ஆவாரை மஞ்சளாக, தும்பை வெள்ளையாக, வேலியோரப் புதரில் நெருப்பாகக் கண்வலிப் பூ. ஒவ்வொரு பூவுக்கும் அப்பா குப்புறப் படுத்துவிடுவார்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க, பூவுக்கு மூச்சு முட்டப் போவுது" என்றார் அம்மா.

கண்வலிப் பூவோடு சுண்டலையும் சேர்த்து எடுக்க அப்பா ஆசைப்பட்டார். "கயிறு படத்துல வருதுடா. அவுத்து வுடு."

அண்ணன் அவிழ்த்தான். சுண்டலும் சமர்த்தாக உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்துப் புதரிலிருந்து ஒரு முயல் பாய, சுண்டல் அதன் பின்னாலேயே ஓடிப் பாறைகளுக்குள் மறைந்துவிட்டது.

முதலில் சிரித்தோம். நேரம் ஆக ஆகச் சிரிப்பு நின்றது. கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது. வெயில் தணியத் தொடங்கியது. இருட்டிவிட்டால் அந்தச் சந்துகளில் பாம்பு இருக்குமே என்ற பயம் எனக்கு. "அத வுட்டுட்டு நான் வூட்டுக்கு வர மாட்டேன்" என்று அம்மா பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒருவேளை காரிடம் போயிருக்குமோ என்று நானும் அண்ணனும் கீழே இறங்கினோம். அங்கே மரத்தடியில், அப்பா அம்மா வயதில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள்.

"யாருப்பா மலை மேல சுண்டல் வித்துக்கினு இருக்கறது?" என்று சிரித்தார் அந்தப் பெரியவர்.

"எங்க நாயிங்க. காணோம்" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தார். அவர் மனைவி அதற்குள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கியிருந்தார். மேலே வந்ததும் எங்களை ஒரு அதட்டு அதட்டினார். "எல்லாரும் இப்டிக் கத்திக்கினே இருந்தா அது கத்தறது எப்டிக் கேக்கும்? கொஞ்சம் வாய மூடுங்க."

மூடினோம். குன்றின் ஒவ்வொரு பக்கமாக நின்று நின்று காது கொடுத்தோம். வெகுநேரம் கழித்து, பின்பக்கத்தில், பாறைக்கு அடியிலிருந்து மெல்லிய முனகல். இரண்டு பாறைகளுக்கு நடுவே சறுக்கி விழுந்து ஏற முடியாமல் கிடந்தது சுண்டல். அண்ணன் தலைகீழாக உள்ளே நுழைய, அப்பாவும் அந்தப் பெரியவரும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டார்கள். நான் டார்ச் அடித்தேன். மேலே வந்த சுண்டல் முதலில் நக்கியது பெரியவர் முகத்தைத்தான்.

இறங்கும்போது சூரியன் மறைந்துவிட்டது. அந்த அம்மா ஒரு டிபன் கேரியரை எடுத்து என் அம்மாவின் கையில் கொடுத்தார். "எலுமிச்சஞ்சோறு, தயிர்சோறு. சாப்பிடுங்க. அதுக்கும் வைங்க."

"நீங்களும் உக்காருங்க, பங்கு போட்டுக்கலாம்" என்றார் அம்மா.

"நாங்க ஜைனருங்கம்மா. பொழுது போயிட்டா சாப்பிட மாட்டோம். இனிமே காலையிலதான்."

அவர்கள் மேல்சித்தாமூர் ஜைனக் கோயிலைப் பார்த்துவிட்டு, குன்றில் செதுக்கியிருக்கும் சாமியையும் கும்பிட்டுவிட்டு, சாப்பிட உட்கார்ந்த நேரத்தில்தான் நாங்கள் போய் நின்றிருக்கிறோம். "அய்யோ, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்றார் அம்மா.

"சொன்னா நீங்க எங்கள உக்கார வெச்சிட்டுப் போயிருப்பீங்க" என்றார் பெரியவர். வேறொரு பாத்திரத்துக்குச் சோற்றை மாற்றிக்கொண்டு கேரியரைக் கழுவிக் கொடுத்தோம். இருவரும் பைக்கில் ஏறிப் போய்விட்டார்கள்.

சுண்டல் இப்போது இல்லை. அன்று எடுத்த படங்களில் அதுவும் பூக்களும் நாங்களும் இருக்கிறோம். அவர்கள் இருவரும் ஒன்றில்கூட இல்லை. 'சாப்பிட்டுட்டு வர்றோம்' என்று அவர்கள் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். சொல்லாமல் எழுந்து வந்தார்களே, அதனால்தான் யாராவது பதறிக்கொண்டு வந்து நிற்கும்போது 'ஒரு நிமிஷம் இருங்க' என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வருவதில்லை.